தங்கம் அரிக்கும் இயந்திரத்தில் மாணிக்க இல்லம் கழுவினால் கல் ஏன் நிற்பதில்லை?

ஓயாக்கரை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம், உரிமத்தோடு நடக்கும் சிறிய மாணிக்கக்கல் அகழ்வு நிறுவனம் ஒன்றின் கழுவுமிடத்தைப் பற்றிய கேள்வி இது. விபரம் முழுவதையும் தருகிறேன். அனுபவம் உள்ளவர்கள் எங்கே பிழை என்று சொல்லுங்கள்.

இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,300 மீட்டர். குழி 8 மீட்டர் ஆழம், 2 மீட்டருக்கு 2 மீட்டர். இல்லம், அதாவது கல் கிடக்கும் கூழாங்கல் மண் படை, 60 முதல் 90 செ.மீ. கனம். பிசுபிசுவென்று களி அதிகம்.

இயந்திரம் பழையது. ஆற்று மணலில் தங்கம் அரிக்கச் செய்தது. சலிக்கும் டிரம் 90 செ.மீ. விட்டம், 2.4 மீட்டர் நீளம், முழு நீளத்துக்கும் 12 மி.மீ. துளை. நிமிடத்துக்கு 28 சுற்று ஓடுகிறது. துளையில் விழுவது 60 செ.மீ. அகலம், 3.6 மீட்டர் நீளமான தகரத் தொட்டிக்குப் போகிறது. அதில் குறுக்குப் பட்டிகளும் கீழே கம்பளமும் உண்டு. மீட்டருக்கு 12 செ.மீ. சரிவு. துளையில் விழாத பெரிய கல் டிரம்மின் கடைசி வாயால் நேரே கழிவுக் குவியலுக்குப் போகிறது. தகட்டில் மணிக்கு 10 தொன் என்று இருக்கிறது. கிடைப்பது 3, மிஞ்சினால் 4.

பம்பு 3 அங்குல பெற்றோல் பம்பு. குழியின் விளிம்பில் நிற்கிறது. தண்ணீர் 7 மீட்டர் கீழே. அங்கிருந்து 60 மீட்டர் தூரத்துக்கு 2 அங்குல ஹோஸ். கழுவுமிடம் விளிம்பை விட 6 மீட்டர் உயரம்.

பிரச்சினைகள்: கம்பளத்தில் கறுப்பு மணலும் சின்னச் சின்ன சிர்க்கோனும்தான் நிற்கின்றன. கழிவை வட்டியில் (கல் கழுவும் கூடையில்) போட்டுக் கழுவினால் 5 முதல் 8 மி.மீ. கல் வருகிறது. பம்பு காலையில் இழுக்கும், தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் விட்டுவிடும். கழிவுக் குளத்துத் தண்ணீர் மூன்று நாள் ஆனாலும் தேயிலைச் சாயம்போல் நிற்கிறது, அதையே திருப்பிப் பாவிக்க முடியவில்லை. கம்பளத்தை மாற்றினால் சரியாகுமா, சரிவைக் குறைக்க வேண்டுமா, வேறு இயந்திரமே வேண்டுமா?

---

கழுவுகாரர் எழுதியது:

அண்ணே, கம்பளத்தை மாற்றியும் பயனில்லை, சரிவைக் குறைத்தும் பயனில்லை. அந்தத் தொட்டி தங்கத்துக்கு மட்டும் பொருந்தும்.

காரணம் அடர்த்தி, தண்ணீரை 1 என்று வைத்த கணக்கில். தங்கம் 19.3. நீலக்கல் 4.0. கூட வரும் வெள்ளைக் கூழாங்கல் 2.65. தண்ணீருக்குள் எல்லாமே தன் பருமனுக்குரிய தண்ணீரின் எடையை இழக்கும், ஆகவே ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்துப் பாருங்கள். தங்கம் 18.3, வெள்ளைக்கல் 1.65: பதினொரு மடங்கு வித்தியாசம். நீலக்கல் 3.0: ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றே மேல், 1.82. ஸ்பினெல் 3.6, அது 1.6 மடங்கு. டூர்மலின் 3.1 அளவு, அது 1.3 மடங்குதான். பதினொரு மடங்கு உள்ளதைத் தொட்டியும் கம்பளமும் பிடித்துவிடும், தூள் என்றாலும் பிடிக்கும். 1.8 மடங்கு உள்ளதைப் பிடிக்க அந்தத் தொட்டிக்குச் சக்தி கிடையாது. சிர்க்கோன் 4.6 அளவுக்குப் போகும், கறுப்பு மணலில் உள்ள இரும்புக் கனிமங்கள் அதற்கும் மேல். அவை நிற்கின்றன, நீலக்கல் ஓடுகிறது என்றால் இயந்திரம் தன் கணக்கைச் சரியாகவே செய்கிறது.

இதில் அளவும் சேர்ந்து விளையாடும். 5 மி.மீ. நீலக்கல் தண்ணீரில் எந்த வேகத்தில் இறங்குமோ, அதே வேகத்தில் 9 மி.மீ. வெள்ளைக்கல்லும் இறங்கும். உங்கள் தொட்டிக்கு 12 மி.மீ.க்குக் கீழே எல்லாமே ஒன்றாகப் போகிறது. 12 மி.மீ. வெள்ளைக்கல்லைத் தள்ளிக்கொண்டு போகும் அளவு தண்ணீர் விட்டால் அது 6 மி.மீ. நீலக்கல்லையும் கூட்டிக்கொண்டு போகும். தண்ணீரைக் குறைத்தால் தொட்டி கல்லால் நிறைந்து, பட்டிக்கு மேலாக எல்லாம் வழியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல இடம் தேடி நாளைக் கழிக்காதீர்கள்.

அடுத்தது இதைவிடப் பெரிய விஷயம், இன்றைக்கே கவனியுங்கள். 12 மி.மீ. துளையில் விழாதது கழிவுக்குப் போகிறது என்றீர்கள். தங்கச் சுரங்கத்தில் அது சரி, அங்கே பெரிய கல் வெறும் கல். இங்கே? 12 மி.மீ. நீலக்கல்லை உருண்டை என்று வைத்துக் கணக்குப் பார்த்தால் 3.6 கிராம், அதாவது 18 கரட். அதற்கு மேற்பட்ட கல் எல்லாம் டிரம்மின் கடைசி வாயால் நேரே குவியலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வாயின் கீழே 2 மீட்டர் நீளத்துக்கு ஒரு பலகை மேசை போடுங்கள், மேலே வெள்ளை நிறத் தகடு, தண்ணீர்ப் பீச்சு ஒன்று, இரண்டு பேர். பெரிய கல்லைக் கையாலே பார்த்துத்தான் தள்ள வேண்டும். அந்த அளவில் இயந்திரத்தை விடக் கண் நல்லது. பழைய பெரிய கல் குவியலையும் அதே மேசையில் திரும்பப் பாருங்கள்.

டிரம்மை வைத்துக்கொள்ளலாம், ஆனால் மாற்ற வேண்டும். முதலாவது 1.2 மீட்டரின் துளைகளை 3 மி.மீ. இரும்புத் தகட்டால் மூடி வெல்டிங் செய்யுங்கள். அந்தப் பாதி களி கரைக்க. உள்ளே 50 மி.மீ. கோண இரும்பு ஆறு துண்டு நீளவாக்கில், முடிவில் 10 செ.மீ. உயரத்துக்கு ஒரு வளையத் தடுப்பு. தடுப்பு இல்லாவிட்டால் மண் நிற்காமல் ஓடும். தடுப்பு இருந்தால் உள்ளே 45 லீட்டர் அளவு மண் நிற்கும். மணிக்கு 3 கன மீட்டர் போட்டால் ஒவ்வொரு பிடி மண்ணும் ஏறக்குறைய ஒரு நிமிடம் உருளும். பிறகு 60 செ.மீ. நீளத்துக்கு 6 மி.மீ. துளை, கடைசி 60 செ.மீ.க்கு இப்போதுள்ள 12 மி.மீ. துளை. பீச்சுக் குழாய் இந்த இரண்டாம் பாதியில்தான் வேண்டும்.

வேகமும் கூட. 42.3ஐ விட்டத்தின் வர்க்கமூலத்தால் பிரித்தால் கல் சுவரோடு ஒட்டிச் சுற்றத் தொடங்கும் வேகம் வரும்: 0.9 மீட்டருக்கு 44.6 சுற்று. அதில் 40 வீதம் போதும், அதாவது 18 சுற்று. 28 சுற்றில் கல் உயரப் போய் விழுந்து துளையைத் தாண்டிக் குதிக்கும், கல்லும் உடையும். மோட்டரில் 4 அங்குல புல்லி இருந்தால் இரண்டரை அங்குலம் போடுங்கள், 17.5 சுற்று கிடைக்கும். செலவு ஒரு புல்லியும் ஒரு பெல்ட்டும்.

தகரத் தொட்டிக்குப் பதிலாக இரண்டு ஜிக் பெட்டி: 3 முதல் 6 மி.மீ.க்கு ஒன்று, 6 முதல் 12க்கு ஒன்று. தண்ணீரை வலைக்குக் கீழிருந்து தள்ளி இழுத்து, பாரமான கல்லை அடிக்கு இறக்கும் பெட்டி அது. கல் நெருக்கமாகக் கிடப்பதால், மேலே சொன்ன 5க்கு 9 கணக்கு இங்கே கொஞ்சம் நெகிழும். இரண்டுக்கு ஒன்று அளவு இடைவெளி வைத்தும் நீலக்கல்லைப் பிரிக்கலாம். ஹட்டனில் தேயிலைத் தொழிற்சாலை இயந்திரம் திருத்தும் பட்டறைகளில் இதைக் கட்டித் தருவார்கள், புதுமையான வேலை எதுவும் இல்லை.

பெட்டி 60 செ.மீ.க்கு 60 செ.மீ. சின்னக் கல் பெட்டிக்கு 2.5 மி.மீ. வலை, பெரியதற்கு 5 மி.மீ. வலைக்கு மேல் 10 முதல் 12 செ.மீ. கல் படுக்கை நிற்கும்படி வழியும் விளிம்பு. கீழே கூம்புப் பெட்டி, பக்கவாட்டில் லொறி டியூப் ரப்பர் இரண்டு மடிப்பு, அதைத் தள்ள ஒரு வளைதண்டு. பெரிய கல்லுக்கு 25 முதல் 30 மி.மீ. தள்ளல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. சின்னதுக்கு 12 முதல் 15 மி.மீ., 160 முதல் 180 தடவை. 1,440 சுற்று மோட்டரிலிருந்து 120க்கு இறக்க 3 அங்குலத்திலிருந்து 12, பிறகு 4 அங்குலத்திலிருந்து 12 என்று இரண்டு கட்டம் புல்லி போட்டால் கணக்குச் சரி. ஒரு குதிரைவலு போதும்.

ரப்பர் கிழிவது எப்போதும் பிடிப்பு வளையத்தின் விளிம்பில். வளையத்தின் உள் ஓரத்தை அரம் போட்டு மழுக்கிவிட்டுப் பூட்டுங்கள்.

சரியாக ஓடுகிறதா என்று கையால் தெரியும். தண்ணீர் எழும்பும்போது விரல் படுக்கைக்குள் சுலபமாக இறங்க வேண்டும், தண்ணீர் இறங்கும்போது மெல்லப் பிடிக்க வேண்டும். பிடித்த பிடியை விடவில்லை என்றால் கீழ்ப்பெட்டிக்குத் தண்ணீர் போதாது, குழாயைத் திறந்துவிடுங்கள். கல் துள்ளிக் குதித்தால் தள்ளல் அதிகம். மேலே மட்டும் நடுங்கினால் தள்ளல் குறைவு. ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, மேல்படுக்கையை வழித்துவிட்டு, அடியிலுள்ள 3 செ.மீ.யை மட்டும் எடுத்து வட்டிக்குக் கொடுங்கள். பெட்டிக்கு மூடியும் பூட்டும் வைப்பது எல்லாருக்கும் நல்லது.

---

பம்பு பாஸ் எழுதியது:

கழுவுற விஷயம் அவர் சொல்லிட்டார். பம்பைப் பார்ப்போம்.

பம்புப் பெட்டியில 8 மீட்டர் உறிஞ்சும்னு போட்டிருக்கிறது கடல் மட்டத்துக்கு. தண்ணியை மேல ஏத்துறது பம்பு இல்லை, வெளிக்காற்று அழுத்தம். கடல் மட்டத்துல அது 10.3 மீட்டர் தண்ணிக்குச் சமம். 1,300 மீட்டர்ல 8.8. ஒன்றரை மீட்டர் அங்கேயே போச்சு. 8ல ஒன்றரை போனா ஆறரை. ஃபுட் வால்வ், உறிஞ்சும் ஹோஸ் உரசல் எல்லாம் கழிச்சா ஐந்து, ஐந்தரை. நீங்க 7 மீட்டர் கேக்கிறீங்க. காலையில ஊத்து ஊறி நீர்மட்டம் மேல இருக்கிறதால இழுக்குது, இறங்கினா விடுது. பம்பு பழுதாகல்ல. பம்பு சீல் மாத்தி மாத்திக் காசை விடாதீங்க.

எஞ்சினுக்கும் இதே கதைதான். 300 மீட்டருக்கு மூன்றரை வீதம் சக்தி குறையும்னு கணக்கு வைங்க, 1,300ல 15 வீதம் போச்சு. காற்று மெலிசு, பெற்றோல் அதே அளவு வரும். பிளக்கைக் கழட்டிப் பாருங்க, கரி பிடிச்சுக் கறுப்பா இருந்தா காபரேட்டர்ல ஒரு அளவு சின்ன ஜெட் போடணும். பிறகு கீழ் நாட்டுக்குக் கொண்டுபோனா பழைய ஜெட்டைத் திருப்பிப் போடணும், மறந்தா எஞ்சின் சூடாகிப் போகும்.

இப்ப ஹோஸ். 3 அங்குல பம்புக்கு 2 அங்குல ஹோஸ் போட்டிருக்கீங்க. நிமிடத்துக்கு 500 லீட்டர் போகணும்னா 2 அங்குலத்துல 100 மீட்டருக்கு 37 மீட்டர் உயரத்துக்கான தள்ளல் உரசல்லயே போயிரும். 3 அங்குலத்துல 5 மீட்டர்தான். உங்க 60 மீட்டருக்கு 22க்குப் பதிலா 3. இந்த ஒரு மாற்றத்துலயே தண்ணி எவ்வளவு கூடுதுன்னு பாருங்க.

சல்லடைக் கூடையும் மாத்துங்க. கடையில கூட வர்றது சின்னது, அரை மணித்தியாலத்துல களி அடைச்சிரும். பிளாஸ்டிக் வாளி ஒண்டுல 8 மி.மீ. துளை நெருக்கமா போட்டு, வெளியில 2 மி.மீ. வலை சுத்தி, குழியோட ஒரு மூலையில 60 செ.மீ. ஆழமா தோண்டின சின்னக் குழிக்குள்ள கூழாங்கல் மேல வைங்க. சேத்து மேல வைக்காதீங்க. வாளியைச் சுத்திக் கெக்கில்லப் பன்னக் கொழுந்து அடைச்சா மணல் இன்னும் குறையும், அது குழிச் சுவருக்கும் போடுறதுதானே.

7 மீட்டருக்கு வழி: குழிச் சுவர்ல 3 மீட்டர் கீழ ஒரு தட்டு வெட்டிப் பம்பை அதுல இறக்கினா உறிஞ்சும் உயரம் 4 ஆகும்.

---

குழிக்காவல் எழுதியது:

பம்பு பாஸ் அண்ணன் சொன்ன மற்ற எல்லாம் சரி. கடைசி வரியை யாரும் செய்யக் கூடாது. பெற்றோல் பம்பைக் குழிக்குள் இறக்கினால் ஆள் சாவு.

கணக்கைப் பாருங்கள். குழி 2க்கு 2, ஆழம் 8: 32 கன மீட்டர் காற்று. காபன் மொனொக்சைட் 0.12 வீதம் வந்தாலே உயிருக்கு ஆபத்தான அளவு. அதற்கு 38 லீட்டர் வாயு போதும். 200 சி.சி. எஞ்சின் 3,000 சுற்றில் நிமிடத்துக்கு 300 லீட்டர் புகை விடும். புகையில் ஐந்து வீதம் காபன் மொனொக்சைட் என்று வைத்தாலும் நிமிடத்துக்கு 15 லீட்டர். மூன்று நிமிடத்துக்குள் குழி நஞ்சாகிவிடும். மேலே சொன்னதுபோல் இந்த உயரத்தில் எஞ்சின் பெற்றோல் அதிகமாகக் குடித்து ஓடுகிறது என்றால் அந்த வீதம் இன்னும் கூடும்.

அது நாறாது, தெரியாது. தலைவலி, தலைசுற்றல், கால் தளர்வு. அந்த நேரத்தில் ஏணி ஏற முடியாது. குழிக்குள் மெழுகுதிரி எரிந்தால் காற்று நல்லது என்று நம்புகிறார்கள். மெழுகுதிரி ஒட்சிசன் குறைந்தால்தான் அணையும். காபன் மொனொக்சைட் ஆளைக் கொல்லும் அளவில் இருக்கும்போதும் அது நன்றாகவே எரியும். ஒருவர் விழுந்தால் மேலிருப்பவர் ஓடி இறங்குவார், அவரும் விழுவார். எஞ்சினை நிறுத்தி, வெளியிலிருந்து காற்று ஊதி, இடுப்பில் கயிறு கட்டாமல் யாரையும் இறக்காதீர்கள்.

குழிக்குள் இறங்க வேண்டியது மின்சார மூழ்கு பம்பு மட்டும். 2 குதிரைவலு, 8 மி.மீ. கல் போகக்கூடியது. உறிஞ்சும் உயரப் பிரச்சினையும் அதோடு தீரும், அது தள்ளும் பம்பு. ஜெனரேட்டர் 5 கே.வி.ஏ.யாவது வேண்டும், தொடங்கும்போது மோட்டர் பல மடங்கு கரண்ட் இழுக்கும், உயரத்தில் ஜெனரேட்டரும் சக்தி இழக்கும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். இதில் பலரும் தவறவிடும் ஒன்று: சின்ன ஜெனரேட்டர்களில் நியூட்ரல் மண்ணோடு தொடுக்கப்படாமல் வரும், அப்படி இருந்தால் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யாது. மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு நியூட்ரலைத் தொடுத்து, மண்கம்பி அடித்து, சோதனைப் பொத்தானை ஒவ்வொரு காலையும் அழுத்திப் பார்க்க வேண்டும். பம்பைத் தூக்கவும் இறக்கவும் தனிக் கயிறு. வயரில் தூக்கக் கூடாது.

ஜெனரேட்டர், பெற்றோல் பம்பு இரண்டும் விளிம்பிலிருந்து தள்ளி, காற்றடிக்கும் திசைக்குக் கீழ்ப்பக்கம் நிற்கட்டும். விளிம்பிலேயே நின்றால் புகை குழிக்குள் இறங்கும், அதிர்வில் சுவர் மண்ணும் தளரும். ஆள் இறங்குவதற்கு முன் 4 அங்குலக் குழாயால் அடிமட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே வரை காற்று ஊதுங்கள். ஊதி எடுக்கும் காற்று எஞ்சின் பக்கத்திலிருந்து வரக் கூடாது.

---

பம்பு பாஸ் எழுதியது:

ஒத்துக்கிறேன். தட்டு வெட்டுற யோசனையை விட்டிருங்க, அது திறந்த கிணத்துக்குக்கூட சரியில்லை. மூழ்கு பம்புதான். ஒரு திருத்தம் மட்டும்: குழியை இறைக்கிறதும் கழுவத் தண்ணி கொடுக்கிறதும் ரெண்டு வேலை. மூழ்கு பம்பு குழித் தண்ணியைக் குளத்துக்கு விடட்டும். பெற்றோல் பம்பு குளத்துக் கரையில நின்று, ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர் மட்டும் உறிஞ்சி மேல அனுப்பட்டும். பழைய பம்பையே வச்சுக்கலாம்.

டிரம் உருளைகளைப் பத்தி யாரும் கேக்கல்ல, ஆனா அதுதான் அடுத்ததா போகும். செயினுக்குக் கிரீஸ் பூசாதீங்க, மணலைப் பிடிச்சு அரைச்சிரும். மெல்லிய ஒயில், மேல தகட்டு மூடி. பேரிங்குக்கு மட்டும் கிரீஸ், ஒவ்வொரு நாளும் வேலை முடிஞ்சதும், பழைய கறுப்புக் கிரீஸ் வெளியில வந்து சுத்தமானது தெரியிற வரை.

---

தெளிநீர் எழுதியது:

குளத்துத் தண்ணீர் பற்றி. மூன்று நாள் நின்றும் தெளியவில்லை என்பது இயல்புதான். 10 மைக்ரோன் துகள் ஒரு மீட்டர் இறங்க மூன்று மணித்தியாலம் எடுக்கும், 2 மைக்ரோன் களி எடுப்பது 77 மணித்தியாலம். அதைவிடச் சின்னது இறங்கவே இறங்காது. குளத்தைப் பெரிதாக்கி மட்டும் இதை வெல்ல முடியாது, படிகாரம் வேண்டும்.

அளவைக் கண்ணால் கொட்டாதீர்கள். 10 கிராம் படிகாரத்தை ஒரு லீட்டர் தண்ணீரில் கரையுங்கள். ஐந்து போத்தலில் ஒவ்வொரு லீட்டர் சேற்றுநீர். அவற்றில் 2, 4, 6, 8, 10 மில்லிலீட்டர் விடுங்கள், அதாவது லீட்டருக்கு 20 முதல் 100 மில்லிகிராம். ஒரு நிமிடம் வேகமாக, ஐந்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, பதினைந்து நிமிடம் விடுங்கள். தெளிந்ததில் மிகக் குறைந்த அளவுதான் உங்கள் அளவு. மழை பெய்தால் அடுத்த நாள் மறுபடி. மணிக்கு 4 தொன்னுக்கு தொன் ஒன்றுக்கு 4 கன மீட்டர் என்று வைத்தால் 16 கன மீட்டர், எட்டு மணித்தியாலத்துக்கு 128. லீட்டருக்கு 40 மில்லிகிராம் என்றால் நாளொன்றுக்கு 5 கிலோ படிகாரம். கரைசலைக் குளத்தின் நடுவில் ஊற்றினால் வீண், நீர் உள்ளே வரும் கானில் (வாய்க்காலில்) வளைந்து வளைந்து ஓடும் இடத்தில் சொட்டவிட வேண்டும். தண்ணீர் புளித்தால், பீ.எச். தாள் 6க்குக் கீழ் காட்டினால், கொஞ்சம் சுண்ணாம்பு.

மூன்று குளம். முதலாவது சின்னது, மணலுக்கு, ஒவ்வொரு நாளும் வழிக்க. இரண்டாவது 100 சதுர மீட்டர், 5க்கு 20 போல நீளமாக. மூன்றாவதிலிருந்து பம்பு இழுக்கும். மேட்டுப் பக்கம் மழைநீரைத் திருப்பும் கான் வெட்டாமல் மே மாதத்துக்குள் போகாதீர்கள், தென்மேற்குப் பருவமழையில் ஒரு இரவில் குளம் உடைந்தால் அத்தனை சேறும் கெசல்கமுவ ஓயாவில்தான் விழும், அங்கிருந்து காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு. ஒரு மாணிக்கக் குழி விடும் சேறு ஓயாவுக்குக் கீழே உள்ள எத்தனை தோட்டத் தொழிலாளர் லயத்தின் குடிநீரைக் கெடுக்கும் என்று யோசித்தால், படிகாரச் செலவு பெரிதாகத் தெரியாது.

உரிமத்தையும் எடுத்துப் பாருங்கள். தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபை 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தருவது. கையால் அகழும் உரிமத்தில் இயந்திரம் ஓட்டினால் அது மீறல். குழியை மூடி நிலத்தைத் திருத்துவதற்கான பிணைப் பணமும் அங்கே கிடக்கிறது. மேல்மண்ணை முதல் நாளே தனியாகக் குவித்து வைத்தால்தான் மூடும்போது அது மேலே வரும். குளத்துச் சேறு காய்ந்ததும் குழியின் அடிக்குப் போகலாம்.

---

ஓயாக்கரை எழுதியது:

எல்லாருக்கும் மிகவும் நன்றி. மூழ்கு பம்பும் 3 அங்குல ஹோஸும் முதலில் வாங்கப்படும், பெற்றோல் பம்பு குளத்துக் கரைக்குப் போகிறது. இரண்டு ஜிக் உடனே கட்டப் பணம் இல்லை. அதுவரை என்ன செய்யலாம்? களி உருண்டை இன்னும் பெரிய கல்லோடு வருமா? ஜிக் கட்டிய பிறகு அது கல்லைப் பிடிக்கிறது என்று எப்படி நம்புவது?

---

கழுவுகாரர் எழுதியது:

அதுவரைக்கும் கைச்சல்லடை. 50 செ.மீ. வட்டச் சல்லடை, 3 மி.மீ. வலை, பாதியாக வெட்டிய பீப்பாயில் தண்ணீர். 6 மி.மீ.க்குக் கீழ் வந்தது தனி, 6 முதல் 12 தனி, கலக்கவே கூடாது. சல்லடையில் மூன்றில் ஒரு பங்கு கல், 5 கிலோ அளவு. தண்ணீருக்குள் சட்டென்று இறக்கி மெதுவாகத் தூக்குங்கள், 8 முதல் 10 செ.மீ. உயரத்துக்கு, ஒவ்வொரு தடவையும் சல்லடையைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, இருபத்தைந்து தடவை. பிறகு வட்டமாக நாலைந்து சுற்று. சல்லடையைச் சாக்கின் மேல் அப்படியே கவிழ்த்தால் அடியில் இருந்தது மேலே வரும், நடுவில் கறுப்பாக ஒரு கண் தெரியும். கல் இருந்தால் அந்தக் கண்ணிலும் அதன் ஓரத்திலும்தான். கண் சரியாக வட்டமாக விழவில்லை என்றால் கையைச் சாய்த்துப் பிடிக்கிறார்கள் என்று அர்த்தம். ஜிக் செய்வதும் இதே வேலைதான், கை வலிக்காது என்பது மட்டும் வித்தியாசம். டூர்மலின் 6 மி.மீ.க்கு மேற்பட்டதுதான் இதிலும் நம்பிக்கையாக நிற்கும். சந்திரகாந்தக்கல் 2.57, வெள்ளைக்கல்லை விட இலேசு, அது எந்தப் பெட்டியிலும் அடிக்குப் போகாது. இல்லத்தில் அது வரும் இடமென்றால் மேலே வழியும் கல்லைத்தான் பார்க்க வேண்டும்.

களி உருண்டை வரும். நனையாத களி டிரம்மில் உருள உருள உருண்டையாகி, போகும் வழியில் உள்ள கல்லை எல்லாம் மேலில் ஒட்டிக்கொண்டு கடைசி வாயால் போய்விடும். இல்லத்தைக் குழியிலிருந்து எடுத்ததும் தொட்டியில் போட்டு ஓர் இரவு முழுதும் ஊறவிடுங்கள், காலையில் மண்வெட்டியால் ஒருமுறை புரட்டுங்கள். காய்ந்த களிதான் நன்றாகக் கரையும் என்று வெயிலில் போடுவோர் உண்டு. அதுவும் உண்மைதான், முற்றாகக் காய்ந்தால். அரைகுறையாகக் காய்ந்த களி எல்லாவற்றிலும் மோசம், மலைநாட்டு வெயிலை நம்பி அதில் இறங்காதீர்கள். மேசையில் நிற்பவர்கள் நாளொன்றுக்கு இருபது உருண்டை உடைத்து 3 மி.மீ. சல்லடையில் கழுவட்டும். உள்ளே கல் வந்தால் டிரம்முக்குப் போடும் மண்ணைக் குறையுங்கள். மணிக்கு 10 தொன் என்ற தகட்டை மறந்துவிடுங்கள், அது உதிர்மணலுக்கு எழுதியது. இந்தக் களிக்கு 3 தொன் ஒழுங்கான வேகம்தான்.

நம்புவதற்கு வழி: விலை போகாத கார்னெட் ஐம்பது துண்டு எடுங்கள், 4 முதல் 6 மி.மீ. அதன் அடர்த்தி 3.6 முதல் 4.2 வரை, ஸ்பினெலும் நீலக்கல்லும் அதே எல்லைக்குள். நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துக் காயவிட்டு, டிரம்மின் வாயில் மண்ணோடு சேர்த்துப் போடுங்கள், பத்து நிமிட இடைவெளியில் பத்துப் பத்தாக. ஜிக்கின் அடியில் எடுத்த கல்லில் எத்தனை வந்தது என்று எண்ணுங்கள். 45க்குக் குறைந்தால் மீதியை மேசை, வழியும் விளிம்பு, களி உருண்டை என்று தேடிப் பிடியுங்கள், எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் பிழை. வலை மாற்றினாலும், புல்லி மாற்றினாலும், புதிய குழியிலிருந்து மண் வந்தாலும் திரும்பச் செய்ய வேண்டும். இதே சோதனையை இன்றைக்கே பழைய தொட்டியிலும் ஒரு தடவை செய்து பாருங்கள். ஜிக்குக்குப் பணம் கேட்கும்போது பங்காளிகளுக்குக் காட்ட அந்த எண் போதும்.

---

ஓயாக்கரை எழுதியது:

பழைய தொட்டியில் செய்தாயிற்று. ஐம்பதில் 11 கம்பளத்தில். 32 கழிவில் கிடைத்தது, 4 களி உருண்டைக்குள், 3 காணவில்லை. புல்லி மாற்றியாயிற்று, மேசை போட்டாயிற்று. ஜிக் வரைபடத்தோடு அடுத்த வாரம் ஹட்டனுக்குப் போகிறோம்.

---

கழுவுகாரர் எழுதியது:

கழிவில் கிடைத்த 32உம் 6 மி.மீ.க்கு மேற்படாத கல். ஆகவே சின்னக் கல் பெட்டியை முதலில் கட்டச் சொல்லுங்கள், பெரியதைக் கைச்சல்லடை இரண்டு மாதம் தாங்கும்.